கேப்டன் வீட்டுச் சிவப்புக் கயிறு

கப்பல் ஊதியதும் ஆர்கிரிஸ் காப்பிக் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகில் தெரியும் முகத்தைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்கிறார். இடது நுனிக்கு ஒரு முறுக்கு போதும். வலது நுனி கொஞ்சம் சோம்பேறி. அதற்கு எச்சில் தொட்டு இன்னொன்று. பிறகு மேசைக்கு அடியிலிருந்து தொப்பி வெளியே வருகிறது. பொன்சரிகையும் நங்கூரமும் வைத்த கேப்டன் தொப்பி. தேவாலயத் திருவிழாக் கடையில், விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில் வாங்கியது. தலைக்குச் சின்னது. அதனால் அதை மாட்டியிருக்கும் நேரமெல்லாம் அவருடைய புருவங்கள் உயர்ந்தே இருக்கும். பார்ப்பவர்கள் அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

"கேப்டன், கடல் கூப்பிடுது," என்பான் காப்பிக்கடைக்காரன் சிடெரிஸ்.

"கூப்பிடட்டும்டா. அதுக்கும் நம்ம குடும்பத்துக்கும் பரம்பரைப் பழக்கம்."

கடையில் இருப்பவர்கள் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். கடலோடு அவருக்கு இருக்கும் பழக்கம் ஊரறிந்தது. கட்டிப்போட்ட படகில் கால் வைத்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். பட்டாளத்தில் சேரக் கிரேக்கக் கரைநாட்டுக்குப் போன ஒரே பயணத்தில் அவர் எடுத்த வாந்தியைத் தின்று அந்தப் பக்கத்து மீன்களெல்லாம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டன என்று மீனவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் தீவைவிட்டு எங்கேயும் போனதில்லை. பெற்ற மகளின் நிச்சயதார்த்தம் கரைநாட்டில் நடந்தது, அதற்கும் போகவில்லை. "கேப்டன் இல்லாம துறைமுகத்தை விட்டுட்டு வர முடியாது," என்று சொல்லி அனுப்பினார். மனைவி எவாந்தியா தனியாகப் போய்த் தட்டு மாற்றிக்கொண்டு வந்தாள்.

சுற்றிலுமுள்ள தீவுகளைக் கடவுள் நிதானமாக உட்கார்ந்து செய்தார். ஒன்றுக்கு எரிமலை கொடுத்தார். ஒன்றுக்குக் கடலைப் பார்த்து நிற்கும் சலவைக்கல் வாசல், ஒன்றுக்கு வெள்ளைக் காற்றாலைகள், இன்னொன்றுக்குப் புனிதர் உட்கார்ந்து எழுதிய குகை. எங்கள் தீவுக்கு வரும்போது அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கையிலிருந்த கற்களைக் கொட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். நல்ல தீவுகளுக்குப் போகிற சுற்றுலாக் கப்பல் ஒன்று வழியில் எங்கள் துறையில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சை வைத்துத்தான் ஆர்கிரிஸ் பிழைக்கிறார்.

இறங்கி வருகிறவர்களும் அதற்கு ஏற்றவர்கள்தாம். வெந்த இறால் நிறத்தில் தோலும், அதன்மேல் வெண்ணெய் தடவியதுபோல் ஏதோ களிம்பும், முழங்கால்வரை காலுறை போட்டு அதற்குமேல் செருப்பும். கையிலே ஒரு புத்தகம். அதில் எங்கள் தீவைப் பற்றி அரை வரி இருக்கிறது: இங்கே தண்ணீர் கிடைக்கும் என்று. அவர்களைப் பார்த்து ஆர்கிரிஸ் நாலு மொழியில் கூவுவார். நாலு மொழியையும் சேர்த்தால் அரை மொழி தேறும். ஆனால் குரல் இருக்கிறதே, அது பாதிரியாருக்குக்கூட வாய்க்காத குரல். ஒலிபெருக்கி இல்லாமலே மலை உச்சியில் மேயும் ஆடு திரும்பிப் பார்க்கும்.

முதலில் மணப்பெண் பாறை. கொள்ளைக்காரர்கள் துரத்தியபோது கல்யாணக் கோலத்தோடு ஒரு பெண் அங்கிருந்து கடலில் குதித்தாளாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். தீவில் பழைய மெத்தையையும் கெட்டுப்போன ஃபிரிட்ஜையும் தள்ளிவிடுகிற இடம் அது. ஒரு முறை டச்சுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, கீழே தண்ணீருக்குள் வெள்ளையாக என்னவோ தெரிகிறதே என்று கேட்டாள். "அது அவளோட முக்காடு, அம்மணி. இன்னைக்கும் மிதக்குது," என்றார். போன வருஷம் அவரே தள்ளிவிட்ட வாஷிங் மெஷின் அது.

அடுத்தது கடல்மோகினியின் குகை. வெயிலுக்கு ஆடுகள் ஒதுங்குகிற பொந்து. நாற்றத்துக்கு மூக்கைப் பிடிப்பவர்களிடம், "ரெண்டாயிரம் வருஷத்து வாசனை, நல்லா இழுத்துக்குங்க," என்பார். இழுத்துக்கொள்வார்கள்! அதுதான் வேடிக்கை. அதற்கப்பால் சூரியதேவனின் கோவில் தூண்கள் மூன்று சாய்ந்து கிடக்கின்றன. துறைமுகம் கட்டப்போகிறேன் என்று வந்து பாதியில் ஓடிப்போன ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்ற சிமெண்டுக் குழாய்கள். ஓட்டையாக இருக்கிறதே என்று கேட்ட ஒரு ஜெர்மன்காரரிடம், அந்தக் காலத்தில் தூணுக்குள் எண்ணெய் ஊற்றி எரிப்பார்கள் என்றார். ஜெர்மன்காரர் குறித்துக்கொண்டார். மற்ற தீவுகளில் இருப்பதைப் பார்க்க ஒருவனுக்குக் கண் இருந்தால் போதும், எங்கள் தீவில் இருப்பதைப் பார்க்க ஆர்கிரிஸ் வேண்டும்.

கடைசியாகக் கேப்டன் வீடு. இதற்குத்தான் ஆர்கிரிஸ் மூச்சைச் சேர்த்து வைத்திருப்பார். படிகள் ஏறி, நீலக் கதவைத் திறந்தால் ஒரே பெரிய அறை. சுவர் முழுக்க மாட்டிய தட்டுகள். மூலையில், ஆள் உயரத்துக்குச் செதுக்கிய தூணோடும் ஏணிப்படியோடும், மரத்தாலான கட்டில் மேடை. அதன் குறுக்கே சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருக்கும், யாரும் தொடக் கூடாது என்பதற்காக. மேடைக்கு மேலே கேப்டனின் படம்: தடித்த மீசையும் முறைத்த கண்ணுமாக, ஆர்கிரிஸின் பாட்டனுக்குப் பாட்டன். படத்துக்குக் கீழே கொள்ளைக்காரர்களை வெட்டிய வாள்.

வாள் என்பது பன்றி அடிக்கிற கத்தி. படத்தில் இருப்பவர் மீசை எண்ணெய் விளம்பரத்து ஆள். எழுத்து தெரியாமல் இருக்கச் சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி அடித்திருக்கிறார். வீடோ அவருடையதும் இல்லை, எந்தக் கேப்டனுடையதும் இல்லை. எங்கள் தீவில் வீடு பெண் வழியில் போகும். தாயிடமிருந்து மூத்த மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மூத்த மகளுக்கு. ஆண்பிள்ளை கல்யாணத்தன்று ஒரு மூட்டைத் துணியோடு மனைவி வீட்டுக்கு வருவான், மகளுக்குக் கல்யாணம் ஆகிற அன்று மனைவியோடு சேர்ந்து அந்த வீட்டைவிட்டு இறங்குவான். அந்த வீட்டைக் கட்டியவள் எவாந்தியாவின் கொள்ளுப்பாட்டி. பாசிபிடித்த பாறைகளில் நத்தை பொறுக்கி விற்றுக் கட்டினாள்.

எவாந்தியா இந்தக் கூத்தை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை, தடுத்ததும் இல்லை. ஈரத் துணியை அந்தச் சிவப்புக் கயிற்றில் காயப்போடுவாள், அவ்வளவுதான். பாத்திரம் துடைத்த துணி, கணவரின் காலுறை, சில நாட்களில் அதைவிட வெளியே சொல்லக்கூடாதவை.

"அடியே, இது அருங்காட்சியகம்டீ!"

"யோவ், எங்க அம்மா வீட்டுல நான் எங்க வேணா துணி காயப்போடுவேன். உங்க பாட்டனுக்குக் கூச்சமா இருந்தா கண்ணை மூடிக்கச் சொல்லு."

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் மகள் மரூசாவின் கல்யாணம் வந்து நின்றது. மாப்பிள்ளை வாயோஸ் மின்கம்பம் நட வந்த பையன்; கம்பத்தோடு சேர்ந்து தானும் ஊன்றிவிட்டான். தெசாலிப் பக்கம், பருத்தி விளைகிற சமவெளிக்காரன். வாய் திறந்து பேசத் தெரியாது. சிரிப்பான், கையில் எப்போதும் கம்பிச் சுருள் இருக்கும். கல்யாணம் ஆனால் வீடு மரூசாவுக்கு. ஆர்கிரிஸும் எவாந்தியாவும் கீழே கோழிக்கூட்டை ஒட்டிய சாமான் அறைக்குப் போக வேண்டும். கேப்டன் வீடு அன்றோடு மூடிவிடும். புதுத் தம்பதி படுக்கிற கட்டிலை எந்த மாமனார் நுழைவுச் சீட்டுப் போட்டுக் காட்டுவான்? பாறையும் குகையும் குழாயும் மிஞ்சும். அவற்றைப் பார்க்க எவன் வருவான் என்று ஆர்கிரிஸுக்கே தெரியும்.

"கப்பல் வர்றது நிக்கிற மாசத்துக்கு அப்புறம் வெச்சுக்கலாமே. குளுகுளுன்னு இருக்கும்," என்று சொல்லிப் பார்த்தார்.

"கல்யாணத்தை எப்ப வெக்கணும்னு வீட்டுக்காரி சொல்லுவா," என்றாள் எவாந்தியா. "குடியிருக்கிறவங்க சாமானைக் கட்டுங்க."

கல்யாண வாரம். கரைநாட்டிலிருந்து வரும் வழக்கமான கப்பல் காற்றுக்குப் பயந்து வரவில்லை. சுற்றுலாக் கப்பல் மட்டும் வந்தது. இறங்கிய கூட்டத்தில் வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியுமாக ஒரு தடித்த அம்மாள். ஆர்கிரிஸ் பார்த்தார். ஜெர்மன்காரி என்று முடிவு கட்டினார். ஜெர்மன் மொழியில் கூவினார்: "கேப்டன் வீடு! கேப்டன் வீடு! இந்தப் பக்கம்!" அந்த அம்மாள் ஒரு நொடி நின்று அவருடைய மீசையைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் துறையில் ஒப்படைத்துவிட்டு, பேசாமல் பின்னால் வந்தாள்.

அவ்வளவு நல்ல கேட்பாளர் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. பாறையில் நெஞ்சில் கை வைத்தாள். குகையில் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். தூணைத் தடவிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினாள். ஆர்கிரிஸுக்கு ஏறிவிட்டது. கடைசி சில காட்சிகள் என்ற துக்கம் வேறு. கேப்டன் வீட்டில் சிவப்புக் கயிற்றுக்குமுன் நின்றபோது, வழக்கமாகச் சொல்வது போதாது என்று தோன்றியது. புதிதாக ஒன்று வந்து நாக்கில் உட்கார்ந்தது.

கேப்டன் கடலிலிருந்து திரும்பி வந்தபோது, அவருடைய கட்டிலில் மகளின் மாப்பிள்ளை படுத்திருந்தான் என்று ஆரம்பித்தார். கேப்டன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துச் சபித்தார்: 'இந்தக் கட்டிலில் என்னைத் தவிர எந்த மாப்பிள்ளை படுத்தாலும் அவனுக்கு விடியாது!' அன்றிரவே அந்த மாப்பிள்ளை ஒலிவக் கொட்டை தொண்டையில் சிக்கிச் செத்தான். அடுத்தவன் தூக்கத்தில் குளிர்ந்து போனான். அதற்கடுத்தவன் இருந்த இடமே தெரியவில்லை, தலையணையில் பள்ளம் மட்டும் இருந்தது. "பள்ளம் மட்டும்," என்று ஆர்கிரிஸ் மறுபடி சொன்னார், ஜெர்மனில் அந்தச் சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

வெள்ளைக் கால்சட்டை அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது. அப்புறம் அவள் பேசியது ஜெர்மன் இல்லை. தெசாலிச் சமவெளியின் அசல் கிரேக்கம்.

"அப்போ என் மகன் இதுலதான் படுக்கணுமா, சம்பந்தி?"

ஆர்கிரிஸின் தொப்பி தானாகவே நழுவியது என்கிறார்கள். பேச்சுச் சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து வந்த எவாந்தியா, "ஐயோ, சம்பந்தியம்மா! நாளைக்குல்ல வர்றதா இருந்தது!" என்று கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா ஸ்டெர்யானி, கணவன் போனபின் ஜெர்மனியில் காலுறைத் தொழிற்சாலையில் உழைத்து ஒற்றை மகனை வளர்த்தவள். நிச்சயதார்த்தத்தில் எவாந்தியா சொல்லியிருந்த மீசையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டதாம். மனிதர் எப்படிப் பேசுகிறார் என்று பேசாமல் கேட்டுப் பார்ப்போமே என்று வந்தாளாம். கேட்டுவிட்டாள்.

"சும்மா சொன்னேன், சம்பந்தி," என்றார் ஆர்கிரிஸ்.

"சும்மாவா? சொல்லும்போது உங்க கை நடுங்குச்சே!"

"அது பழக்கம்."

"எங்க பக்கம் மருமக நம்ம வீட்டுக்கு வருவா. இங்க பையனை மூட்டையோட வழியனுப்புங்கன்னீங்க, சரின்னேன். இப்ப விடியாத கட்டில்ல படுக்கவெக்கிறீங்க!" சாபம் ஒட்டாமல் இருக்க, த்தூ, த்தூ, த்தூ என்று மூன்று முறை மாரில் துப்பிக்கொண்டாள். "எனக்கு இருக்கிறது ஒண்ணு."

எவாந்தியா உண்மையைச் சொன்னாள். படத்தைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, 'மீசை மினுமினுக்க' என்ற வரியைக்கூடக் காட்டினாள். ஸ்டெர்யானி அதைப் படித்துவிட்டு, "பெரிய கேப்டன்னா விளம்பரத்துக்குப் படம் கேக்கத்தானே செய்வாங்க," என்றாள். காப்பிக்கடை முழுக்கக் கிளம்பி வந்து ஆர்கிரிஸ் பொய்யன் என்று சத்தியம் செய்தது. எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னதால் அவளுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று: ஊரே சேர்ந்து மறைக்கிறது. அப்படியானால் நீங்கள் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஆர்கிரிஸையே கேட்டாள். அவர் கண் தானாக அடுப்பங்கரைப் பக்கம் போயிற்று. குறட்டை தாங்காமல், கல்யாணமான மறு மாசமே எவாந்தியா அவரை அந்த மேடையிலிருந்து அடுப்பங்கரைப் பலகைக்கு இறக்கிவிட்டிருந்தாள். அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"பாத்தீங்களா, இவரே அதுல படுத்ததில்லை!" என்றாள் ஸ்டெர்யானி. அவள் முகத்தில் ஒரு வெற்றி.

கல்யாணத்துக்கு முன் கட்டில் விரிப்பு நடக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் கூடி, முதல் விரிப்பை மாப்பிள்ளையின் தாய் போட, பிறகு மற்றவர்கள் அரிசியும் சர்க்கரை பூசிய பாதாமும் இறைத்து, ஓர் ஆண்குழந்தையை அதன்மேல் உருட்டிவிடுவார்கள். தாய் விரிப்புப் போடாத கட்டிலுக்குக் கல்யாணம் கிடையாது. ஸ்டெர்யானி போட மாட்டேன் என்றாள். வாயோஸ் அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுபடி கம்பிச் சுருளைச் சுற்ற ஆரம்பித்தான்.

இதில் ஆர்கிரிஸுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அதுதான் வெட்கக்கேடு. கல்யாணம் நின்றால் வீடு நிற்கும், கேப்டன் நிற்பார், கயிறு நிற்கும். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். முதல் முறையாக ஒரு பொய் அவருக்கே பலித்திருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அடுப்பங்கரைப் பலகையில் படுத்துக்கொண்டு, சாபத்தை இன்னும் எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்றுகூட யோசித்துப் பார்த்தார். தலையணைப் பள்ளத்தில் மாப்பிள்ளையின் மோதிரம் கிடந்ததாகச் சேர்க்கலாம். கப்பல்காரர்கள் கேள்விப்பட்டால் கூட்டம் இரட்டிப்பாகும். இவ்வளவையும் அந்த மனிதர் யோசித்தார், மகள் அடுத்த அறையில் இருக்கும்போதே.

காலையில் மரூசா ஏற்கெனவே இஸ்திரி போட்ட விரிப்புகளை மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பா, இன்னைக்கும் ஆளுங்களைக் கூட்டிட்டு வருவீங்களா?"

"ஏம்மா?"

"இல்ல, வர்றதா இருந்தா இதையெல்லாம் மடிச்சுப் பெட்டியில வெச்சிடறேன். கட்டில் பாக்க நல்லா இருக்கணும்ல."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். சண்டைக்குப் பதில் சொல்ல அவருக்கு எவாந்தியா நல்ல பழக்கம் கொடுத்திருக்கிறாள். மரூசா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, அடுத்த மூலைக்கு நகர்த்தினாள்.

விரிப்பு நாளன்று பெண்கள் அறையை நிரப்பிவிட்டார்கள். என்ன நடக்கிறது பார்ப்போம் என்ற ஆசை. கல்யாணத்தைவிட நின்றுபோகிற கல்யாணத்துக்குக் கூட்டம் அதிகம் வரும். ஸ்டெர்யானி நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து, இரு கையாலும் அதன் வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உருட்ட வேண்டிய குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு அந்த அறையில் அன்று இடமில்லை. ஆர்கிரிஸ் தொப்பியோடு உள்ளே வந்தார்.

"வெளிய போய்யா!" என்றாள் எவாந்தியா.

அவர் நேராகச் சிவப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில், தன் வழக்கமான இடத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். காட்சிக்குரல்.

"சம்பந்தியம்மா, அன்னைக்கு நான் கதையை முடிக்கலை. நீங்க குறுக்க பேசிட்டீங்க."

"முடிவு வேற இருக்கா?" என்றாள் ஸ்டெர்யானி. கைப்பையின் பிடி தளர்ந்தது. அவளுக்குக் கதை பிடிக்கும்.

"இருக்கு. கேப்டன் தொப்பியைத் தரையில அடிச்சு, 'இது என் கட்டில்'னு சபிச்சாரு இல்லையா? அந்த நேரம் பாத்து அவரு பொண்டாட்டி நத்தைக் கூடையோட உள்ள வர்றா. கூடையை இறக்கி வெச்சா. மீசையைப் பிடிச்சா, ரெண்டு பக்கமும். 'யாரு கட்டில்? எங்க அம்மா கட்டில். மூட்டைத் துணியோட வந்தவனுக்கு இங்க என்ன கட்டில்? உன்னுது இல்லாத சாமானுக்குச் சாபம் விட உனக்கு யாருய்யா உரிமை குடுத்தா?' அப்படின்னு கேட்டு, மீசையோடயே இழுத்துட்டுப் போயி கோழிக்கூட்டுப் பக்கத்து அறையில விட்டா. சாபம் செல்லலை, சம்பந்தி. சொந்தமில்லாத பொருள்மேல போட்ட சாபம் எந்த ஊர்ல செல்லும்?"

பெண்களிடையே ஒரு முனகல். எங்கள் தீவில் இது சட்டம். யாரும் மறுக்க முடியாது.

"செத்தவங்க?" ஸ்டெர்யானி விடவில்லை.

"ஒருத்தன் ஒலிவக் கொட்டை. அவனுக்குச் சாபமே வேண்டாம், பேராசை போதும். இன்னொருத்தனுக்குக் காய்ச்சல். மூணாமவன் சாகவே இல்லை, அமெரிக்காவுக்கு ஓடிட்டான். ஹோட்டல் வெச்சிருக்கான்னு கேள்வி."

"கேப்டன் திரும்பக் கடலுக்குப் போனாரா?"

காட்சியில் கேப்டன் கடலுக்குக் கிளம்புகிற இடம் வந்தால் ஆர்கிரிஸ் கண்ணைத் துடைப்பது வழக்கம். அன்று துடைக்கவில்லை.

"கடலுக்கு எங்க போறது? படகைப் பாத்தாலே வாந்தி எடுப்பான். ஒரே ஒரு தடவை போனான். பொண்ணு நிச்சயத்துக்குக்கூடப் போகலை."

எவாந்தியாவின் கையில் இருந்த பாதாம் தட்டு அசையாமல் நின்றது. மூலையில் சிரிக்க ஆரம்பித்த ஒருத்தி, பக்கத்தில் இருந்தவள் கிள்ளியதில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் கேப்டன்னு பேரு?"

"கிண்டலுக்கு," என்றார் ஆர்கிரிஸ். "ஊர்ல அப்படிக் கூப்பிடுவாங்க. அவனுக்கு அது பிடிச்சிருந்துது."

குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது என்று சொல்ல ஆசைதான். அது நிறுத்தவில்லை. ஸ்டெர்யானி அவரை மேலும் கீழும் பார்த்தாள். காலுறைத் தொழிற்சாலையில், இழை விட்டுப்போனது எங்கே என்று பார்ப்பதுதான் அவள் வேலையாக இருந்ததாம். நம்பினாளா, புரிந்துகொண்டாளா என்று தீவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

"சரி," என்றாள். "படம் வெளிய போகட்டும். கத்தியும். அந்தத் தொப்பியும். அவன் இடத்துக்கு அவன் போனாத்தான் நான் விரிப்பேன்."

ஆர்கிரிஸ் ஏணிப்படியில் ஏறி, மறுபடி மாட்டியிருந்த படத்தைக் கழற்றினார். ஆண்டுக்கணக்கில் அது தொங்கிய இடத்தில் சுவர் வெள்ளையாக ஒரு சதுரம் காட்டியது. படத்தை ஒரு கக்கத்திலும் பன்றிக் கத்தியை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டார். சிவப்புக் கயிற்றை அவிழ்க்கக் கை இல்லை. மரூசா அவிழ்த்து, மடித்து, அவருடைய சட்டைப்பைக்குள் வைத்தாள். தொப்பி தலையிலேயே இருந்தது. அப்படியே பெண்கள் நடுவே இறங்கிப் போனார். அவ்வளவு கேவலமான ஊர்வலத்தை எங்கள் தீவு பார்த்ததில்லை. உள்ளே விரிப்பு உதறுகிற சத்தமும், பாதாம் கட்டில் பலகையில் விழுந்து உருளுகிற சத்தமும் கேட்டன.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. வாயோஸ் பேசினான் என்கிறார்கள். என்ன பேசினான் என்று யாருக்கும் நினைவில்லை. மறுநாள் காலையில் அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு கதவைத் திறந்து வந்தபோது, ஸ்டெர்யானி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மகனைத் தொட்டுப் பார்த்தாள், துப்பிக்கொண்டாள், அடுத்த கப்பலில் ஊருக்குப் போனாள். நீலக் கதவுக்குப் பக்கத்தில் இப்போது அலுமினியச் சன்னல் வந்திருக்கிறது. அதைப் பார்க்க யாரும் சீட்டு வாங்க மாட்டார்கள்.

சாமான் அறை ஒரு கட்டிலுக்கும் ஓர் அடுப்புக்கும் சரியாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கோழிகள். கல்யாணத்துக்குப் பிறகு சில நாட்கள் ஆர்கிரிஸ் காப்பிக்கடைக்கு வரவில்லை. கப்பல் ஊதினால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் ஒரு காலை, ஊதல் கேட்டதும், சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்தார். ஒரு முனையைச் சாமான் அறைக் கதவின் ஆணியிலும் மறு முனையைக் கோழிக்கூட்டின் கம்பத்திலும் கட்டினார். மீசை எண்ணெய்க்காரரை உள்ளே, கட்டிலுக்கு மேலே, சரியாக மாட்டினார். தொப்பியை வைத்துக்கொண்டு துறைக்குப் போனார்.

எவாந்தியா பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வந்தாள். கயிற்றைப் பார்த்தாள். கை பழக்கத்தில் ஈரத் துணியை அதன்மேல் போட்டது. பக்கத்திலேயே அவருடைய காலுறைகளையும் தொங்கவிட்டாள். கீழே படிகளில் செருப்புச் சத்தம். ஆடும் கேட்கும் குரலில் அவர் சொல்லிக்கொண்டு வந்தார்: "...பொண்டாட்டி மீசையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கேப்டனை அடைச்ச அறை, இதோ, இந்தப் பக்கம்..."

சத்தம் கடைசித் திருப்பத்துக்கு வருவதற்குள், எவாந்தியா காலுறைகளையும் துணியையும் கயிற்றிலிருந்து வெடுக்கென்று இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.